பீரங்கி காத்த பாறைகள்: தெற்குக் கரையில் ஓர் அரை நாள்

சிங்கப்பூரில் கடற்கரை பார்க்கவேண்டும் என்று கேட்டால் உள்ளூர் உறவினர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைச் சொல்வார்கள்: ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, செந்தோசா. இரண்டும் நல்ல இடங்கள்தான். பிள்ளைகள் மணலில் ஆடலாம், மாலையில் காற்று வாங்கலாம். ஆனால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நிற்கும் நிலமே 1966இல் தொடங்கிய கடல் தூர்ப்பில் பிறந்தது. செந்தோசாவின் தென்கரை மணலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியதுதான். கன்னியாகுமரியிலோ திருகோணமலையிலோ பாறைமேல் அலை மோதுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை நீரோரப் பூங்காக்களாகத்தான் தெரியும். கரடுமுரடான கரை இந்த நாட்டில் கிடையாது என்று பலர் முடிவுகட்டிவிடுவது இதனால்தான். அந்த முடிவு தவறு. அப்படிப்பட்ட கரை இருக்கிறது, குறைவாக இருக்கிறது. குறைவாக இருப்பதாலேயே அதைப் பார்க்கும் முறையும் வேறு. கிலோமீட்டர் கணக்கில் சுற்றுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, கடல் வடியும் வேளை பார்த்துப் போய், அரை நாளை அங்கேயே கழிப்பதுதான் சரி என்று இந்த அத்தியாயம் வாதிடுகிறது.

கரை எங்கே போனது என்பதைப் புரிந்துகொள்ள, லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் முந்தின நாள் மாலையில் தெலுக் ஆயர் தெருவுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. 1828க்கும் 1830க்கும் இடையில் சூலியா முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. அதே தெருவில், தமிழ் முஸ்லிம்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும், சீன மாலுமிகள் கடல் தெய்வத்துக்கு எடுத்த தியான் ஹொக் கெங் கோயிலும் உள்ளன. மூன்றும் ஒரே தெருவில் வரிசையாக அமைந்தது தற்செயல் அல்ல. அந்தத் தெருதான் அப்போது கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஊருக்குள் நடந்தார்கள். 1879இல் தொடங்கிய தூர்ப்புப் பணி கடலை அங்கிருந்து தள்ளியது. இன்று தர்கா வாசலில் நின்றால் அலுவலகக் கோபுரங்கள்தான் தெரிகின்றன. அவற்றையும் தாண்டிப் போனால் வருகிற மரினா விரிகுடா கூட, 2008இல் அணை கட்டியபின், நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. 1960களில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாட்டின் பரப்பு இப்போது 730ஐத் தாண்டியிருக்கிறது. இவ்வளவு நிலத்தைக் கடலிலிருந்து எடுத்த ஊரில் இயற்கையான கரை எங்காவது மிஞ்சியிருந்தால், அது ஏன் மிஞ்சியது என்று கேட்பதுதான் நல்ல பயணியின் முதல் கேள்வி.

விடை சற்று விசித்திரமானது. பொதுமக்கள் கால் வைக்க முடியாத இடங்களில்தான் பாறைகள் தப்பின. நாட்டின் முதன்மைத் தீவில் இயற்கையான கடற்பாறை முகடு எஞ்சியுள்ள இடமாக லேப்ரடார் பூங்கா அறியப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காக்க ஆங்கிலேயர் அந்த முகட்டில் பீரங்கிகளை வைத்தார்கள். நீர்வழிக்கு எதிர்ப்புறம், இன்று செந்தோசா எனப்படும் தீவில், சிலோசோ கோட்டை எழுந்தது. உயரமான பாறையும் கடலை நோக்கிய செங்குத்துச் சரிவும் பீரங்கிக்குத் தேவை. அதனால் அங்கே யாரும் கரையைச் சமன்செய்யவில்லை. சற்றுத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவு 1874 முதல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம். நோய் தாக்கிய கப்பல்களில் வந்தவர்கள் ஊருக்குள் வருமுன் அடைக்கப்பட்ட இடம் அது. வடகிழக்கில் புலாவ் உபினில் கருங்கல் சுரங்கங்கள். கோட்டை, தடுப்பு நிலையம், கல்லுடைக்கும் குழி என்று மனிதர்கள் விரும்பிப் போகாத இடங்களாகப் பார்த்துக் குறித்தால், சிங்கப்பூரின் கரடுமுரடான கரைகளின் வரைபடம் ஏறக்குறைய கைக்கு வந்துவிடும். தேவை மறுபக்கம் திரும்பியபோது பாறை தப்பவில்லை என்பதும் இதற்குச் சான்றுதான். லேப்ரடாருக்கு அருகே நீர்வழியின் வாயிலில் நின்ற கூர்மையான பாறையைச் சீனர்கள் லோங் யா மென், அதாவது நாகப்பல் வாயில், என்று அழைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதிய குறிப்புகளில் அந்தப் பெயர் வருகிறது. கப்பல் வழியை அகலமாக்க 1848இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் நின்ற, இன்றுவரை யாராலும் படிக்கப்படாத எழுத்துகள் செதுக்கிய பெரும் பாறைக்கும் அதற்கு 5 ஆண்டுகள் முன்பு இதே கதிதான். அதன் ஒரு துண்டைத் தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம்.

போகும் வழி எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடக்கு-கிழக்கு ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கே வட்டப் பாதை ரயிலுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் லேப்ரடார் பூங்கா. காலை உணவைத் தேக்கா அங்காடி நிலையத்தில் முடித்துக்கொண்டு, இரண்டு பொட்டலம் கட்டியும் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கரையில் கடைகளை நம்பக்கூடாது. நிலையத்திலிருந்து நேராகப் பூங்காவுக்குப் போய்விடாமல், பெர்லேயர் ஓடையை ஒட்டிய 960 மீட்டர் மரப் பலகைப் பாதையில் நடப்பதைப் பரிந்துரைக்கிறேன். இது சிங்கப்பூரின் தென்பகுதியில் எஞ்சிய மிகச் சில அலையாத்திக் காடுகளில் ஒன்று. பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு அளவில் இது ஒரு சிறு கீற்றுதான், ஆனால் பிச்சாவரத்தில் படகிலிருந்து மேலோட்டமாகப் பார்ப்பதை இங்கே வேர்களுக்கு அருகில் நின்றே பார்க்கலாம்: மூச்சு வேர்கள், சேற்றில் தவ்வும் மீன்கள், காத்திருந்து பாயும் மீன்கொத்தி. ஓடை கடலில் கலக்குமிடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போனால் 330 மீட்டர் நீளப் புக்கிட் செர்மின் நடைபாலம், தண்ணீருக்கு மேலேயே, கெப்பல் விரிகுடாவை நோக்கிச் செல்கிறது. மேலே குன்றில் கறுப்பு வெள்ளை நிறத்துக் காலனி கால வீடுகள், எதிரே சாய்ந்து நிற்பதுபோல் வளைந்த நவீன அடுக்குமாடிகள். துறைமுகத் தொழிலாளர்களாக வந்த தமிழர்களின் வரலாற்றில் அக்கறையுள்ளவர்கள் இந்தக் கரையில் சற்று நின்று பார்க்கலாம். கெப்பல் துறைமுகக் கப்பல் தளங்களில் அவர்கள் உழைத்தார்கள். இங்கிருந்து சிறிது உள்ளே, டெப்போ சாலையில் இன்று உள்ள ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயில், அலெக்ஸாண்ட்ரா செங்கற்சூளைத் தமிழ்த் தொழிலாளர்கள் 1913இல் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது.

மேற்கே திரும்பினால் லேப்ரடார். முதலில் வருவது சிவப்பு நிறத்தில் உயர்ந்து நிற்கும் கடல்வழிக் குறி. பக்கத்தில் 2005இல் நிறுவிய நாகப்பல் பாறையின் மாதிரி. உண்மைப் பாறையைத் தகர்த்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து நகலை நட்டிருக்கிறார்கள் என்பதில் உள்ள நகைச்சுவையை அறிவிப்புப் பலகை சொல்லாது. அதைத் தாண்டிக் கரையோரமாகப் போகும்போது வலப்புறம் மரங்களுக்குப் பின்னால் முகடு எழுகிறது. இங்கே அவசரப்படக்கூடாது. பாறை அடுக்கடுக்காகச் சரிந்து கிடப்பதையும், மணற்கல்லும் களிமண் கல்லும் கூழாங்கல் இறுகிய கல்லும் மாறி மாறி வருவதையும், அவற்றின் நிறம் செம்மண்ணிலிருந்து சாம்பல்வரை மாறுவதையும் கவனித்தால், ஏறத்தாழ 20 கோடி ஆண்டு முன்பு ஆறுகளும் ஆழமற்ற நீரும் படியவைத்த வண்டலை யாரோ சாய்த்துவைத்ததுபோல் தெரியும். மேலே காட்டுக்குள் பழைய கோட்டைச் சுவர், பீரங்கி மேடை, வெடிமருந்து அறையின் எச்சங்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வடக்கிலிருந்து நிலவழியாக வந்தபோது, கடலை நோக்கி வைத்த பீரங்கிகளின் பயன் குறுகிப்போனது. அடுத்தடுத்து வந்த தலைமுறைகளில் இந்தப் பகுதி பூங்காவாகி, 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமானது.

இனி வேளை. பாறைக்கரையைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. கடல் ஒரு நாளில் பெரும்பாலும் இருமுறை ஏறி இருமுறை வடியும், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகுதி, வடிவும் மிகுதி. ஆகவே வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே முதல் வழிகாட்டி: அந்த இரண்டு திதிகளுக்குப் பின்வரும் ஓரிரு நாட்களைக் குறித்துக்கொண்டு, சரியான மணியைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஓத அட்டவணையில் சரிபார்க்கலாம். நீர் ஏறியிருக்கும்போது கரையில் தெரிவது தடுப்புச் சுவரும் அலையும்தான். வடிந்தபின் அதே இடத்தில் பாறைத் தளமும், குழிகளில் தேங்கிய நீரும், கடற்புல்லும், கடற்பாசியும், நண்டும், இன்னும் தாக்குப்பிடிக்கும் பவளத் துண்டுகளும் வெளிப்படும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டின் நடுப்பகுதியில் மிகத் தாழ்ந்த வடிவுகள் விடியலுக்கு முன் வந்துவிடும். ஆண்டு இறுதியில் பிற்பகலிலும் மாலையிலும் வரும், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். இருட்டில் பாறைமேல் நடப்பது அனுபவமுள்ள ஆய்வாளர்களுக்கு உரியது. சாதாரணப் பயணி மிகத் தாழ்ந்த வடிவைத் துரத்தாமல், விடிந்தபின் வரும் நடுத்தர வடிவைத் தேர்வுசெய்யலாம். அல்லது டிசம்பரில் மழைமேகம் கலைந்த ஒரு மாலையைப் பிடிக்கலாம்.

இவ்வளவுக்கும் வரும் முதல் மறுப்பு, இடம் சின்னது, அரை மணியில் பார்த்து முடித்துவிடலாம் என்பது. நடந்து முடிக்கலாம், உண்மை. பார்த்து முடிக்க முடியாது. கடல் வடிவதற்கே ஆறு மணி நேரம் ஆகிறது. ஒரே பாறையின் தோற்றம் இந்த நேரத்தில் படிப்படியாக மாறுவதுதான் இங்கே காட்சி. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பத்தின் முன் உட்கார்ந்துவிடுகிறவர் அதைச் சுற்றி ஓடுகிறவரைவிட அதிகம் பார்க்கிறார் என்பதை நம் ஊரார் ஒத்துக்கொள்வார்கள். கரைக்கும் அதே நியாயம். இரண்டாவது மறுப்பு வலுவானது: தேசியப் பூங்காக் கழகம் தீவைச் சுற்றி 150 கிலோமீட்டர் தீவுவட்டப் பாதையை அமைத்துவருகிறதே, சைக்கிளில் அதைச் சுற்றினால் எல்லாக் கரையும் பார்த்ததாகாதா? சைக்கிள் விரும்பிகளுக்கு அந்தப் பாதை நல்ல வரம். ஆனால் அதன் பெரும்பகுதி தூர்த்த நிலத்திலும், கல் பதித்த கரையிலும், நீர்த்தேக்கங்களின் ஓரத்திலும் ஓடுகிறது. உடலுக்குப் பயிற்சி கிடைக்கும், கரையின் கரடுமுரடு கிடைக்காது. மூன்றாவதாக, கொஞ்சம் செலவு செய்தால் படகில் பிந்தான் தீவுக்கோ, ஜொகூரின் தெசாருவுக்கோ போய்ப் பெரிய கடலைப் பார்க்கலாமே என்பார்கள். நேரமும் விசாவும் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் அவை வேறு நாடுகள், குடிநுழைவு வரிசையோடு சேர்த்தால் முழு நாள் வேண்டும். நான்கு நாள் பயணத்தில் அது கட்டாது.

வெயில் பற்றிய மறுப்புக்குப் பதில் நேரத்தேர்விலேயே இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்றே வடக்கில் உள்ள ஊரில் பதினொரு மணிமுதல் மூன்று மணிவரை பாறைமேல் நிற்பது தண்டனை. அந்த நேரத்தை ஓடையின் நிழலில் கழிக்கலாம், அல்லது ஹார்பர்ஃபிரண்ட் பேரங்காடியில் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். ஊரிலிருந்து வரும் வயதான பெற்றோரை அழைத்துப்போவதா என்ற தயக்கமும் பல குடும்பங்களில் உண்டு. ஓடையின் பலகைப் பாதையும் கரையோர நடைபாதையும் பெரும்பாலும் சமதளம். இடையிடையே பெஞ்சுகள் உள்ளன. மூட்டுவலி உள்ளவர்கள் வழுக்கும் பாறைத்தளத்தில் இறங்க வேண்டியதில்லை. அவர்களுக்கு இன்னும் நல்ல வழி நீர்வழிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. செந்தோசாவின் மேற்கு முனையில் மின்தூக்கியில் ஏறினால் 11 மாடி உயரத்தில் 181 மீட்டர் நீளமுள்ள சிலோசோ கோட்டை வான்நடைப் பாலம். 2015இல் திறந்தது, கட்டணமில்லை. மர உச்சிகளுக்கு மேலிருந்து நீர்வழி முழுவதும் தெரியும்: இந்தப் பக்கம் சிலோசோ முகடு, அந்தப் பக்கம் லேப்ரடார், நடுவே கப்பல்கள். இரண்டு பீரங்கி மேடைகளுக்கும் இடையே துறைமுக வாயில் எவ்வளவு குறுகல் என்பது அங்கிருந்து பார்த்தால் சொல்லாமலே விளங்கும். கோட்டையின் அடியில் தஞ்சோங் ரிமாவ் பாறைக்கரை. கடல் நன்றாக வடிந்த நேரத்தில் மட்டும், கால் திடமானவர்கள் அங்கே இறங்கிக் கடல் அரித்த வளைவையும் பாறைச் சுவரையும் அருகில் பார்க்கலாம். நீர் திரும்பி ஏறத் தொடங்குமுன் மேலே வந்துவிட வேண்டும். அந்தக் கரையில் பின்வாங்க வேறு வழி கிடையாது.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மட்டும் புலாவ் உபின். லேப்ரடாரில் படிந்த கல், உபினில் உள்ளிருந்து உருகி இறுகிய கருங்கல். இரண்டையும் பார்த்தால்தான் சிங்கப்பூரின் எலும்பு எதனாலானது என்று தெரியும். லிட்டில் இந்தியாவிலிருந்து டௌன்டவுன் பாதையில் பூகிஸ், அங்கே கிழக்கு-மேற்குப் பாதைக்கு மாறித் தானா மேரா, பிறகு 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ். படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி அளவில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். வார நாளில் ஆள் சேரக் காத்திருக்க மனமில்லாவிட்டால் 12 பேருக்குமான கட்டணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். 1848இல் நாகப்பல் பாறையைத் தகர்த்த அரசு நில அளவையாளர் ஜான் தாம்சன்தான் 1850இல் உபின் கரையில் மழைநீர் பள்ளம் பள்ளமாக அரித்த கருங்கற்களை அக்கறையோடு ஓவியமாகத் தீட்டினார். அதே உபின் கல்லைக் கொண்டே 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தையும் எழுப்பினார். பாறையைத் தடையாகவும் அழகாகவும் கட்டடப் பொருளாகவும் ஒரே மனிதர் பார்த்திருக்கிறார். தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா தூர்க்கப்பட இருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் குரலெழுப்பியதால் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் அங்கே நடைபாலமும் பார்வைக் கோபுரமும் திறந்தன. மேலே சொன்ன வாதத்துக்கு இது ஒரு விதிவிலக்கு: இங்கே கரையைக் காத்தது கோட்டையோ வேலியோ அல்ல, பார்க்க வந்த கூட்டம். அப்படியானால் மக்களை உள்ளே விட்டாலும் கரை பிழைக்குமா என்று கேட்கலாம். செக் ஜாவாவில் பாலத்துக்கு மேலேயே நடக்கவைத்திருப்பதுதான் அதற்குக் கழகம் தந்த பதில். அது சரியான பதில் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கால் முழுதும் மூடும் பழைய காலணி அவசியம். கல்மீன் என்று ஒன்று பாறையோடு பாறையாகக் கிடக்கும், அதன் முள் குத்தினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். செருப்போடு இறங்கக்கூடாது. சங்கோ, சிப்பியோ, உயிரினமோ எதையும் எடுத்துவரக்கூடாது. காப்பகத்தில் அது குற்றம், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். குரங்குக்கு உணவு கொடுப்பதும் அப்படித்தான். இடி கேட்டால், அல்லது இடிமழை எச்சரிக்கை வந்தால், பாலத்தையும் கரையையும் விட்டு உள்ளே வந்துவிடுவது நல்லது. சிங்கப்பூரில் பிற்பகல் இடி கடுமையாக வரும். மரம் சாய்ந்தோ, கரை அரித்தோ சில பாதைகளை அவ்வப்போது மூடுவார்கள். கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் பார்த்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும், மூடிய தடுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. உபினுக்குப் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிட வேண்டும். இருட்டியபின் படகுக்காரர் இருந்தாலும் உடன் வர மீதி பதினொரு பேர் இருக்கமாட்டார்கள்.